முதல் செலவு தண்ணீருக்கு: கல்லூரி நீச்சல் குளத்தையும் அணியையும் மீட்பது எப்படி?

கேள்வி: எங்கள் கல்லூரி காரைக்குடி பக்கம். 25 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் திறந்தவெளி நீச்சல் குளம் இருக்கிறது. ஆறு லேன். ஒரு முனையில் ஆழம் 1 மீட்டர், மறு முனையில் 2.2 மீட்டர். கட்டி முப்பது வருடம் ஆகிறது. ஒரு காலத்தில் பல்கலைக்கழக அளவிலான கல்லூரிப் போட்டிகளில் எங்கள் பிள்ளைகள் பதக்கத்தோடு வருவார்கள். இப்போது இறுதிச் சுற்றுக்கே ஒருவரும் போவதில்லை. நிர்வாகம் 40 லட்சம் தரத் தயாராக இருக்கிறது. ஹீட்டர், மூடிய கூரை, எலக்ட்ரானிக் ஸ்கோர்போர்டு மூன்றுக்கும் மதிப்பீடு வாங்கியிருக்கிறோம். இப்போது இருப்பது ஒரே ஒரு மணல் ஃபில்டர். பம்ப் காலையில் நான்கு மணி நேரம் ஓடும். தண்ணீர் அடிக்கடி பச்சையாகிவிடுகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:

ஐயா, அந்த மூன்று மதிப்பீடுகளையும் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரிகளில், பச்சைத் தண்ணீரில்தான் நோய் இருக்கிறது. தண்ணீர் பச்சையானால் குளத்தை மூடுகிறீர்கள். மூடினால் பயிற்சி நிற்கிறது. பத்து நாள் தண்ணீரை விட்டு விலகிய நீச்சல்காரர், தண்ணீரைப் பிடிக்கும் அந்தக் கை உணர்வைத் திரும்பப் பெறவே இன்னொரு பத்து நாள் ஆகும். போன கல்வியாண்டில் குளம் எத்தனை நாள் மூடிக் கிடந்தது, ஒவ்வொரு தடவையும் என்ன காரணம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாள்தான் நிர்வாகத்திடம் காட்ட வேண்டிய முதல் ஆவணம். வருடத்தில் பதினொரு மாதம், நாளுக்கு இரண்டு வேளை, அடி தெரியும் தண்ணீரில் நீந்தக் கிடைத்தால் அணி தானாக மேலே வரும். இந்த 40 லட்சம் அந்த நாட்களை வாங்கத்தான்.

முதலில் கணக்கு. சராசரி ஆழம் 1.6 மீட்டர் என்றால் உங்கள் குளத்தில் 600 கன மீட்டர், அதாவது 6 லட்சம் லிட்டர் தண்ணீர். உங்களிடம் இருப்பது 1.2 மீட்டர் விட்டமுள்ள ஃபில்டர் என்று வைத்துக்கொண்டால், அது ஒழுங்காக வடிகட்டக்கூடியது மணிக்கு 35 கன மீட்டர் அளவில்தான். நான்கு மணி நேரத்துக்கு 140. குளத்தின் கால் பங்கு தண்ணீர்கூட ஒரு நாளில் ஃபில்டரைப் பார்ப்பதில்லை. பிறகு எவ்வளவு குளோரின் கொட்டினாலும் பாசி திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும்.

போட்டிக்குத் தயாராகும் குளத்தில் முழுத் தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுற்றி வர வேண்டும். உங்களுக்கு அது மணிக்கு 100 கன மீட்டர். மணல் ஃபில்டரில் தண்ணீர் இறங்கும் வேகம் மணிக்கு 30 மீட்டரைத் தாண்டாமல் இருந்தால்தான் நுண்ணிய தூசு மணலில் தங்கும். அதற்கு 3.3 சதுர மீட்டர் மணல் பரப்பு தேவை: 1.2 மீட்டர் விட்டத்தில் மூன்று ஃபில்டர்கள் வைத்தால் சரியாக வரும். ஒரே பெரிய ஃபில்டரைவிட மூன்று நல்லது. ஒன்றைப் பழுது பார்க்கும்போது இரண்டு ஓடும். பம்பும் இரண்டாக இருக்கட்டும், தனியாக ஒரு மாற்று பம்பும் இருக்கட்டும். மோட்டார் எரிந்து காயில் கட்டக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் குளத்தை மூடி வைப்பதுதான் நம் பக்கத்துக் கல்லூரிகளில் அதிகம் நடப்பது.

தண்ணீர் ஒரு தடவை சுற்றினால் எல்லாத் தண்ணீரும் வடிகட்டப்பட்டுவிடாது. வடிகட்டிய தண்ணீரும் வடிகட்டாததும் குளத்துக்குள் கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் 63 சதவீதம்தான் ஃபில்டரைக் கடந்திருக்கும்; இரண்டில் 86, மூன்றில் 95, நான்கில் 98. ஆகவே பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்கட்டணத்தை நினைத்து நிர்வாகம் தயங்கும். இரவில் ஒரு பம்பை மட்டும் குறைந்த வேகத்தில் ஓட்ட வேக மாற்றி பொருத்தினால் செலவு கணிசமாக இறங்கும். பம்பை நிறுத்தி மிச்சம் பிடிக்கும் காசு, பச்சைத் தண்ணீரை வடித்துப் புதிதாக நிரப்புவதில் போய்விடும்.

ஃபில்டருக்குள் போடும் மணல் 0.5 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை சலித்த சிலிக்கா மணலாக இருக்க வேண்டும். ஆற்று மணலைச் சலித்துப் போட்டால் ஓரிரு மாதத்தில் மண் கட்டிப்போகும். சுத்தமான ஃபில்டரின் அழுத்தத்தைக் குறித்து வைத்து, அதைவிட 0.5 பார் ஏறியதும் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) செய்யுங்கள். பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை, நான்கைந்து நிமிடம். ‘வாரம் ஒரு தடவை’ என்று நாள் வைத்துச் செய்வது தவறு. அழுத்தம் ஏறாமலே கழுவினால் மணல் வடிகட்டும் திறனும் குறையும், தண்ணீரும் வீண்.

அடுத்தது செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல்: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை. அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால், அதிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்து குளம் பால் போலக் கலங்கும், டைல்ஸில் வெள்ளை படியும், ஃபில்டர் மணல் கல்லாக இறுகும். இறுகிய மணலில் தண்ணீர் ஓர் இடுக்கைப் பிடித்துக்கொண்டு நேராக இறங்கிவிடும், வடிகட்டல் நடக்காது. வருடம் ஒரு தடவை ஃபில்டரைத் திறந்து மணலில் கை விட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாக வந்தால் மணலை மாற்ற வேண்டியதுதான்.

நிரப்பும் தண்ணீரின் கால்சியம் கடினத்தன்மை 400 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 400 பங்குக்கு) மேல் இருந்தால் மழைநீரைக் கலக்குங்கள். வீட்டு வளவில் (நடுமுற்றத்தில்) விழும் மழையைத் தாழ்வாரம் வழியே அண்டாவில் பிடித்த ஊர் இது. கல்லூரிக் கட்டடத்துக்கும் அதே வழி. 1,000 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக 80,000 லிட்டர் கிடைக்கும். ஆனால் மழைநீரை மட்டுமே நிரப்பிவிடாதீர்கள். அது மிக மென்மையான தண்ணீர். தனக்கு வேண்டிய சுண்ணாம்பை டைல்ஸ் இடுக்கிலிருந்து அரித்து எடுத்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து 200 முதல் 400க்குள் வைப்பது சரி.

மருந்துக்கு வருவோம். 600 கன மீட்டருக்கு 1 பிபிஎம் குளோரின் ஏற்ற 600 கிராம் குளோரின் வேண்டும். 30 சதவீத பிளீச்சிங் பவுடரில் அது 2 கிலோ; 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 920 கிராம்; 10 சதவீத திரவ ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட்) 6 லிட்டர். கடினத் தண்ணீர் உள்ள உங்களுக்குத் திரவ ஹைப்போ ஏற்றது, சுண்ணாம்பு சேராது. வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும் என்பதால் பதினைந்து நாள் தேவைக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். கையால் ஊற்றுவதை விட்டு, சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் டோசிங் பம்ப் ஒன்று வையுங்கள். சிறிய செலவு, பெரிய பலன்.

தனிக் குளோரின் (எதோடும் சேராமல் கிருமியைக் கொல்லக் கிடைக்கும் குளோரின்) 1 முதல் 3 பிபிஎம்முக்குள், பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7.2 முதல் 7.6க்குள் இருக்கட்டும். பிஎச் ஏன் இவ்வளவு முக்கியம்? கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7.5இல் குளோரினில் பாதி அந்த வடிவில் இருக்கும். 8க்குப் போனால் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ‘மருந்து போட்டும் பாசி போகவில்லை’ என்று சொல்லும் குளங்களில் பிஎச்சை அளந்தால் பெரும்பாலும் 8க்கு மேல் இருக்கும். மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120க்குள் நின்றால்தான் பிஎச் ஆடாமல் இருக்கும். உங்கள் குளத்தில் காரத்தன்மையை 10 பிபிஎம் ஏற்ற 10 கிலோ சோடியம் பைகார்பனேட். 10 பிபிஎம் இறக்க 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 11 லிட்டர். அமிலத்தை ஒரே இடத்தில் ஊற்றாமல், தண்ணீரில் கரைத்து, ஆழமான பக்கம் பரவலாக, ஆள் இல்லாத நேரத்தில் விட வேண்டும். அமிலமும் ஹைப்போவும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி உயிரைக் குடிக்கும். குளோரின் மாத்திரைகளையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியால் எடுத்தால் தீப்பிடிக்கும். இதைச் சுவரில் தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். பம்ப் அறையில் வேலை செய்பவருக்கு ஆங்கில எச்சரிக்கை அட்டையால் பயன் இல்லை.

திறந்தவெளிக் குளத்தில், பாதுகாப்பு இல்லாத குளோரினில் பாதிக்கு மேல் ஒரு மணி நேர உச்சி வெயிலில் அழிந்துவிடும். அதைக் காக்க சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பிபிஎம் வேண்டும். ஆனால் அந்த அமிலமும் சேர்ந்த குளோரின் மாத்திரையையே நம்பி இருந்தால், ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் குளத்தில் தங்கிக்கொண்டே போகும். அது ஆவியாகாது. 100ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

கண் எரிச்சலையும் ‘குளோரின் நெடி’யையும் பற்றி மாணவர்கள் புகார் சொன்னால் குளோரின் அதிகம் என்று குறைத்துவிடாதீர்கள். அந்த நெடி வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உருவாகும் குளோரமைனுடையது. மொத்தக் குளோரினிலிருந்து தனிக் குளோரினைக் கழித்தால் அதன் அளவு தெரியும். 0.5ஐத் தாண்டினால், அதன் பத்து மடங்கு குளோரினை ஒரே தடவையாக மாலைப் பயிற்சி முடிந்த பிறகு போட்டு எரிக்க வேண்டும். 0.6 இருந்தால் 6 பிபிஎம். உங்கள் குளத்துக்கு 65 சதவீதச் சரக்கில் ஐந்தரைக் கிலோ. மறுநாள் அளவு 3க்குக் கீழே இறங்கிய பிறகே இறங்க விடுங்கள். குளிக்காமல் யாரும் குளத்துக்குள் இறங்கக் கூடாது என்ற விதியை ஆசிரியர்களிடமிருந்தே தொடங்குங்கள்.

மூடிய கூரை வேண்டாம் என்று சொல்வதற்கும் இந்தக் குளோரமைன்தான் காரணம். தண்ணீரின் மேல்பரப்பிலிருந்து எழும் அந்த வாயு, சரியான காற்றோட்ட இயந்திரம் இல்லாத கட்டடத்துக்குள் தேங்கும். வேகமாக மூச்சிழுக்கும் நீச்சல்காரர் அதைத்தான் இழுக்கிறார். இருமலும் மூச்சிரைப்பும் வரும். அந்த இயந்திரத்தின் விலையும் மின்செலவும் உங்கள் 40 லட்சத்துக்குள் அடங்காது. வெயில்தான் பிரச்சினை என்றால் பக்கங்கள் திறந்த, உயரமான நிழல்வலைப் பந்தல் போதும். தூண்கள் நீர் விளிம்பிலிருந்து தள்ளியே நிற்கட்டும். சாதா இரும்புத் தூணில் பெயின்ட் அடித்தால் இரண்டு வருடத்தில் அடியில் பொருக்கு விடும். துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். லேன் கயிற்றுக் கொக்கி, ஏணி போன்றவற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வேண்டும், 304 குளோரைடு தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் ஊர் காரைக்குடி. உலோக அரிப்பு பற்றி விளக்கம் கேட்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஹீட்டரும் அப்படித்தான். போட்டி விதிப்படி தண்ணீரின் வெப்பம் 25 முதல் 28 டிகிரி. நம் ஊர்க் கோடையில் திறந்த குளம் 31, 32க்கு ஏறும். மார்கழி விடியலில் 24, 25க்கு இறங்கலாம். அதற்கு இரவில் மேலே விரிக்கும் குமிழ்ப் போர்வை போதும். உங்களுக்கு வேண்டியது குளிர்விக்கும் வழி. 32 டிகிரித் தண்ணீரில் நீண்ட தூரப் பயிற்சி கொடுத்தால் உடல் சூடு வெளியேற இடமில்லாமல் பிள்ளைகள் தலைவலியோடு துவண்டுபோவார்கள்; நேரமும் மோசமாகும். இரவில் திரும்பி வரும் தண்ணீரின் ஒரு பகுதியை, குளத்தின் ஓரம் நெடுக ஓட்டை போட்ட குழாய் வழியாகத் தூவலாகப் பீய்ச்சுங்கள். ஏறக்குறைய 1,000 லிட்டர் ஆவியானால் 6 லட்சம் லிட்டரும் ஒரு டிகிரி குளிரும். காற்றில் ஈரம் குறைந்த நாட்களில் இது நன்றாக வேலை செய்யும். ஆவியான தண்ணீரை ஈடுகட்ட வேண்டும் என்பது மட்டும்தான் விலை.

தண்ணீரைப் பற்றிக் கடைசியாக ஒன்று, கசிவு. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படிக்கட்டில், குளத்து நீர்மட்டத்துக்குச் சமமாக வையுங்கள். பம்பையும், ஈடுகட்ட விடும் தண்ணீரையும் நிறுத்தி 24 மணி நேரம் கழித்து இரண்டிலும் எவ்வளவு இறங்கியது என்று அளங்கள். வாளியில் 6 மில்லிமீட்டர், குளத்தில் 15 மில்லிமீட்டர் என்றால் வித்தியாசமான 9 மில்லிமீட்டர் கசிவு. நாளுக்கு 3,400 லிட்டர்; வருடத்துக்கு 12 லட்சம் லிட்டர், இரண்டு குளம் தண்ணீர். ஊருணிகள் வறளும் ஊரில் அவ்வளவு தண்ணீரை மண்ணுக்குள் விடுவது தாங்காது. பம்பை ஓடவிட்டு இன்னொரு தடவை சோதித்து, கசிவு கூடினால் ஓட்டை குழாயில் இருக்கிறது. மாறாவிட்டால் குளத்தின் உடம்பில்.

தண்ணீர் சரியான பிறகுதான் வேகத்துக்கான வசதி. இங்கேயும் கண்ணுக்குத் தெரியாதவையே முக்கியம்.

ஒவ்வொரு லேனின் நீளத்தையும் எஃகு டேப்பால் நீர்மட்டத்தில் ஒரு தடவை, 80 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விதியில் 25 மீட்டருக்குச் சிறிதளவு கூடலாம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டும் ஒப்பந்தக்காரர்களால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் போய், குளம் 24.97 ஆகிவிடும். அதில் எடுத்த நேரம் வெளியே போனால் பலிக்காது. முனைச் சுவர்களில் பழையதைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதியது. பின்னாளில் டச் பேட் (கை தொட்டதும் நேரத்தைப் பதியும் பலகை) மாட்டும் எண்ணம் இருந்தால் அதன் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கும் இப்போதே இடம் விடுங்கள். முனைச் சுவரில் வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். டர்ன் எடுக்கும்போது, அதாவது சுவரை உதைத்துத் திரும்பும்போது, கால் சறுக்கும். சொரசொரப்பான டைல்ஸை நீருக்குக் கீழே 80 சென்டிமீட்டர் வரை ஒட்டுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அழகான கல்தான், அலுவலக அறையிலும் வரவேற்பிலும் பதியுங்கள். குளத்து ஓரத்தில் வேண்டாம். ஈரத்தில் வழுக்கும், சிமென்ட் கல் என்பதால் சிந்தும் அமிலமும் குளோரினும் அதன் நிறத்தைத் தின்றுவிடும்.

ஸ்டார்ட்டிங் பிளாக்கை (நீந்துபவர் ஏறி நின்று பாயும் மேடை) ஆழமான முனையில் மட்டும் வையுங்கள். விதிப்படி பிளாக் இருக்கும் முனையில் சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரை ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் வேண்டும். உங்கள் ஆழம் குறைந்த முனையில் 1 மீட்டர்தான். அங்கே தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறிந்து வாழ்நாள் முழுக்கப் படுக்கையாகலாம். அந்த முனையில் ‘பாயக் கூடாது’ என்று தரையிலேயே பெரிதாக எழுதுங்கள். ஒரே முனையில் பிளாக் இருப்பது பயிற்சிக்குக் குறையும் அல்ல: 25 மீட்டர் குளத்தில் 50, 100, 200 எல்லாமே தொடங்கிய முனையிலேயே முடியும், ரிலேயில் அடுத்தவர் பாய்வதும் அதே முனையில்தான். பாதிச் செலவு மிச்சம். பிளாக்கின் உயரம் நீரிலிருந்து 50 முதல் 75 சென்டிமீட்டர், சாய்வு 10 டிகிரிக்குள், பின்னங்காலை ஊன்றும் நகர்த்தக்கூடிய பலகை அவசியம். இன்றைய போட்டிகளில் எல்லாரும் அந்தப் பலகையில் உதைத்துத்தான் பாய்கிறார்கள். பழைய சமதள பிளாக்கில் பழகியவர் போட்டி நாளில் முதன்முதலாக அதைப் பார்த்தால், பாயும் முன்பே பின்தங்கிவிடுவார்.

லேன் கயிறு என்ற பெயரில் நைலான் கயிற்றில் நாலு பந்து கோத்துக் கட்டியிருந்தால் உடனே மாற்றுங்கள். அலையைக் கொல்லும் தட்டு வகை, 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டம், முறுக்கி இறுக்கும் ராட்செட்டோடு. தளர்ந்த கயிறு அலையை அடக்காது. ஆறு லேனுக்கு நடுவில் ஐந்து கயிறு. அகலம் 15 மீட்டர்தான் என்பதால், இரு ஓரமும் 20 சென்டிமீட்டர் விட்டால் லேனுக்கு 2.43 மீட்டர் வரும். விதி கேட்பது 2.5. பயிற்சிக்கு அது குறையே இல்லை.

இதோடு நீர்மட்டத்தையும் பாருங்கள். தண்ணீர் வழிந்து விழும் ஓரக் கால்வாயின் விளிம்பைத் தொட்டுத் தண்ணீர் நிற்க வேண்டும். அப்போதுதான் அலை அதில் விழுந்து அடங்கும். பத்து சென்டிமீட்டர் இறங்கி நின்றால் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து, ஓரத்து லேன்களில் நீந்துபவர் வாயில் தண்ணீர் அடிக்கும். மிதவை வால்வு ஒன்றைச் சரிசெய்தால் தீரக்கூடிய விஷயம் இது.

மல்லாந்து நீந்துபவருக்கான பேக்ஸ்ட்ரோக் கொடிகள் இரு முனையிலிருந்தும் 5 மீட்டரில், நீருக்கு மேலே 1.8 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் எந்நாளும் கட்டியே இருக்க வேண்டும். போட்டிக்கு மட்டும் கட்டினால், கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை கை என்ற எண்ணிக்கை உடம்பில் பதியாது. தலையில் இடிபடும் பயத்தில் கடைசி மூன்று மீட்டரை மெதுவாகவே வருவார்கள். தரையில் கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்பே 1 மீட்டர் குறுக்குக் கோட்டோடு முடிய வேண்டும். 15 மீட்டர் குறியும் வேண்டும். நீருக்கடியில் அதுவரைதான் போகலாம் என்பது ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றுக்கும் விதி.

ஸ்கோர்போர்டுக்குப் பதில் இரண்டு பயிற்சிக் கடிகாரங்கள் வாங்குங்கள், முனைக்கு ஒன்று. ஒரு லேனில் நான்கு பேர் பத்து விநாடி இடைவெளியில் புறப்பட்டு, தங்கள் நேரத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடிந்தால் பயிற்சியாளரின் கண்ணும் வாயும் நீச்சல் முறையைத் திருத்தக் கிடைக்கும். உதைபலகை, காலிடுக்கு மிதவை, காலில் மாட்டும் துடுப்பு, கையில் மாட்டும் தட்டு ஆகியவை ஆளுக்கு ஒரு செட். நீர் புகாத உறையில் போட்ட கைபேசி நீருக்கடிப் படத்துக்குப் போதும். ஊருணியிலும் கிணற்றிலும் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகிய கிராமத்துப் பிள்ளைகள் உங்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். பயமும் கிடையாது, மூச்சும் பிடிக்கும். தலையைத் தூக்கியே நீந்தும் பழக்கம்தான் அவர்களுக்கு எதிரி. தலை தூக்கினால் இடுப்பு தாழும். அதைப் படத்தில் காட்டினால் ஒரே வாரத்தில் புரிந்துகொள்வார்கள்.

விளக்கு, காலைப் பயிற்சிக்கு அவசியம். பிளாக்கின் மேலும் டர்ன் சுவரின் மேலும் 600 லக்ஸ் அளவு வெளிச்சம். விளக்குக் கம்பம் நீர் விளிம்புக்கு வெளியே இருந்தால்தான் பல்பு மாற்றக் குளத்தை வடிக்க வேண்டாம். நீருக்கடி விளக்கு 12 வோல்ட், எல்லா மின் இணைப்புக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான், ஏணி, கைப்பிடி, கம்பி எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் இணைப்பது ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தரை வடிகாலும் ஒன்றுக்கு இரண்டாக, குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளியில், உடையாத மூடியோடு இருக்கட்டும். ஒற்றை வடிகாலின் உறிஞ்சலில் முடியோ கையோ சிக்கினால் இழுத்து மீட்க முடியாது.

மாணவியர் உடைமாற்றும் இடத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். தாழ்ப்பாள் உள்ள கதவு, தனித்தனிக் குளியல் அறை, நாப்கின் போடும் வசதி, விடுதியிலிருந்து குளம் வரை வெளிச்சமான பாதை, பெண் உயிர்காப்பாளர் ஒருவர். இவை இல்லாமல் எந்த வீட்டிலும் மகளை விடியற்காலையில் நீந்த அனுப்ப மாட்டார்கள். கல்லூரிப் போட்டிகளில் மாணவியர் பிரிவில் இறங்குவோர் குறைவு. அங்கே நல்ல வசதி தரும் கல்லூரி இரண்டே வருடத்தில் மேலே வந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நேரம்: காலை 5.15 முதல் 7.15 ஆறு நாள், மாலை 4.30 முதல் 6.30 நான்கு நாள். லேனுக்கு நான்கு பேர் வீதம் 24 பேர், வாரம் 20 மணி நேரம். இந்த நேரத்தில் பொதுமக்களுக்கும் கட்டண வகுப்புக்கும் ஒரு லேன்கூடக் கொடுக்காதீர்கள். அதற்குக் காலை 8க்குப் பிறகு நேரம் இருக்கிறது. விடுதிச் சமையலறை 7.30க்கு இட்லியும் முட்டையும் தயாராக வைக்கும் ஏற்பாடும் இதில் சேர்த்தி. வாரம் 12 கிலோமீட்டரில் தொடங்கி நான்கைந்து மாதத்தில் 25க்கு ஏற்றலாம். நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், 2021இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38இல் முடித்து, ஒலிம்பிக் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். சென்னைக்கு வெளியே ஒரு தொழில் நகரிலிருந்தும் அது முடியும்.

25 மீட்டர் குளத்து நேரத்தை வைத்து ஏமாற வேண்டாம். 100 மீட்டரில் இங்கே மூன்று டர்ன், 50 மீட்டர் குளத்தில் ஒன்றே ஒன்று. சுவரில் உதைத்துக் கிடைக்கும் வேகம் அங்கே கிடைக்காது. கடைசி 20 மீட்டரில் கை செத்துவிடும். பெரிய போட்டிக்கு முந்தைய இரண்டு மாதங்களில், அருகில் பயிற்சிக்குத் திறந்திருக்கும் 50 மீட்டர் குளத்தை விசாரித்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது கூட்டிப் போங்கள். 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய சென்னை வேளச்சேரி வளாகத்தில் இரண்டு நாள் முகாம் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தப் பயணச் செலவை 40 லட்சத்திலிருந்து தனியே எடுத்து வையுங்கள்.

பங்கீடு என்று கேட்டால், பாதித் தொகை ஃபில்டர், பம்ப், குழாய், டோசிங், கசிவு அடைப்புக்கு. கால் பங்கு முனைச் சுவர், பிளாக், கயிறு, கடிகாரம், உபகரணத்துக்கு. மீதி உடைமாற்றும் அறை, விளக்கு, நிழல்வலை, பயணத்துக்கு. நன்கொடையாளர்கள் கண்ணுக்குத் தெரியும் ஸ்கோர்போர்டையே விரும்புவார்கள் என்ற கவலை வேண்டாம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அந்த மின்வேதியியல் ஆய்வகத்துக்குக் கொடுத்த மண் இது. எதற்குக் கொடுக்கிறோம் என்பதை விளக்கினால் கொடுப்பார்கள். பம்ப் அறைச் சுவரிலேயே அவர்கள் பெயரைக் கல்லில் பதியுங்கள்; போன வருடம் குளம் மூடிக் கிடந்த நாட்கள், இந்த வருடம் திறந்திருந்த நாட்கள் இரண்டையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். பம்ப் அறைக்கு முழுநேர ஆள் ஒருவரையும் போடுங்கள். தோட்ட வேலைக்கு இடையில் வந்து வால்வைத் திருப்புபவரிடம் 6 லட்சம் லிட்டரை ஒப்படைக்க முடியாது. நாளுக்கு மூன்று தடவை குளோரின், பிஎச், வெப்பம், அழுத்தம் நான்கையும் அவர் நோட்டில் எழுதட்டும்.

வேலையைச் சித்திரை, வைகாசியில், கல்லூரி விடுமுறையில், குளத்தை வடித்துத் தொடங்குங்கள். ஆனி முடிவதற்குள் நிரப்பிவிட வேண்டும். ஒப்பந்தக்காரர் தாமதித்து ஐப்பசி, கார்த்திகைக்குப் போனால் காலிக் குளத்தை அப்படியே விட்டு வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறி, காலியான தொட்டியைக் கீழிருந்து மேலே தள்ளும். தரை வெடிக்கும், சில சமயம் முழுத் தொட்டியே மிதந்து சாயும். எந்த மாதமானாலும் வடிக்கும் முன் பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டம் குளத்துத் தரையைவிடக் கீழே இருக்கிறதா என்று கயிறு விட்டு அளங்கள். தரை வடிகாலில் நீரழுத்தத்தை விடுவிக்கும் வால்வு இல்லையென்றால், இந்த வேலையிலேயே அதையும் பொருத்திவிடுங்கள்.